ஸ்னைப்பருக்கு என்ன நிறம்?

எக்ஸ்காம் ஆடுகிற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் அதிக நேரம் போவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: உன் ஸ்னைப்பருக்கு என்ன நிறம்? ஒருவர் கரும்பச்சை என்பார், மற்றவர் கருநீலம் என்பார். ஏன் அந்த நிறம் என்பதற்கு இருவரிடமும் காரணம் இருக்கும். இத்தனைக்கும் ஆட்டத்தின் கணக்கில் நிறத்துக்கு எந்த வேலையும் கிடையாது. ரோஜா நிறக் கவசம் போட்டவரை எதிரி சீக்கிரம் பார்த்துவிடுவதில்லை. பச்சை போட்டவர் புதருக்குள் கூடுதலாக மறைவதுமில்லை. குண்டு படுமா படாதா என்பதைத் தூரமும் மறைவும் நிற்கிற உயரமும் தீர்மானிக்கின்றன. அப்படியிருந்தும் பிரிவுக்கு ஒரு நிறம் என்ற பழக்கம், ஆட்டத்தைச் செய்தவர்கள் விதியாக எழுதி வைக்காமலே, ஆடியவர்களிடத்தில் பிறந்து ஊன்றிவிட்டது. ஒரு கருவி பிறப்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்பதால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆடிப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012 அக்டோபரில் ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ ஆட்டத்தை வெளியிட்டது. வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் ஜேக் சாலமன். வேற்றுக்கிரகத்தார் பூமியைத் தாக்குகிறார்கள். 16 நாடுகள் பணம் போட்டு ஒரு ரகசியப் படையை நடத்துகின்றன, இந்தியாவும் அதில் ஒன்று. ஆடுகிறவர்தான் தளபதி. நம் ஆட்கள் ஒரு முறை நகர்ந்தால் எதிரி ஒரு முறை நகர்வான். களத்துக்கு ஆரம்பத்தில் நான்கு பேர் போகலாம், பின்னால் ஆறு பேர் வரை. புதிதாகச் சேர்கிறவருக்கு ரூக்கி என்று பெயர். எதிரியை வீழ்த்தி முதல் பதவி உயர்வு வாங்கும்போது அவர் ஒரு பிரிவுக்குள் போகிறார். பாய்ந்து முன்னேறுகிறவர் அசால்ட். ராக்கெட்டும் கனத்த இயந்திரத் துப்பாக்கியும் தூக்குகிறவர் ஹெவி. தொலைவிலிருந்து குறிபார்ப்பவர் ஸ்னைப்பர். புகைக்குண்டும் மருந்துப் பெட்டியும் கொண்டுபோகிறவர் சப்போர்ட். யாருக்கு எந்தப் பிரிவு என்பதை ஆட்டமே குலுக்கிப் போட்டுத் தருகிறது. களத்தில் செத்தவர் திரும்பி வர மாட்டார்.

போர் விளையாட்டுகளில் நிறம் காலங்காலமாகச் செய்துவந்த வேலை வேறு. தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். காய் என்ன வேலை செய்யும் என்பதை அதன் உருவம் சொல்லும். அது யாருடைய காய் என்பதை நிறம் சொல்லும். கண்ணுக்குக் கிடைக்கிற இரண்டு அடையாளங்களில் ஒன்றைப் பிரிவுக்கும் மற்றதைப் பக்கத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாடு இது. பிரஷ்யாவின் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் பதிப்பித்த போர்ப்பயிற்சி விளையாட்டிலும் இதே பங்கீடுதான். வரைபடத்தின் மேல் வைக்கும் கட்டைகளில் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்கு நீலம். குதிரைப்படையா பீரங்கியா என்பதைக் கட்டையின் மேல் இட்ட குறி சொல்லும். 1990-இல் ஜப்பானில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ நம் ஆட்களுக்கு நீலமும் எதிரிக்குச் சிவப்பும் கொடுத்தது. 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ இந்தப் பங்கீட்டைக் கலையாகவே ஆக்கியது. அதில் ஒன்பது பிரிவுகள் உண்டு. வெறும் நிழலைப் பார்த்தாலே எந்தப் பிரிவு என்று தெரியும்படி ஒவ்வொன்றின் உடற்கட்டையும் வரைந்தார்கள், அணிக்கு மட்டும் சிவப்பையும் நீலத்தையும் ஒதுக்கினார்கள். அதன் ஓவியர்களும் பொறியாளர்களும் அந்த முறையை ஆய்வுக்கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்காமில் இந்தப் பங்கீடு தலைகீழானது. அது எப்படி நேர்ந்தது என்று பார்க்க 1980-களின் இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

ஜூலியன் கோலப் என்ற இளைஞர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு ஆட்டங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1982-இல் வந்த அந்தக் கணினியின் திரை 256-க்கு 192 புள்ளிகள். மொத்தம் 15 நிறங்கள். நினைவகத்தை மிச்சம் பிடிக்க அதில் ஒரு ஏற்பாடு இருந்தது: 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டே நிறம் வரலாம், ஒன்று எழுத்துக்கு, மற்றது தாளுக்கு. ஒரு உருவம் இன்னொன்றின் கட்டத்துக்குள் கால் வைத்தால் அதன் நிறத்தையும் மாற்றிவிடும். இத்தனை சிக்கனத்துக்குள் கோலப் 1984-இல் ‘ரெபல்ஸ்டார் ரெய்டர்ஸ்’, 1986-இல் ‘ரெபல்ஸ்டார்’, 1988-இல் ‘லேசர் ஸ்குவாட்’ என்று வரிசையாகப் படைப்பிரிவு ஆட்டங்களைச் செய்தார். சட்டைக்கு ஒரு நிறம், தொப்பிக்கு ஒரு நிறம் என்று ஒரு வீரனை அலங்கரிக்க அந்தத் திரையில் இடமில்லை. அதனால் அவர் பெயர் கொடுத்தார். ரெபல்ஸ்டாரின் தலைவன் ஜோ கேப்ரிகார்னை இன்றும் நினைவு வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவன் திரையில் சில புள்ளிகள்தான். பெயர் இருந்ததால் ஆள் ஆனான். லேசர் ஸ்குவாடில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கவசமும் ஆயுதமும் வாங்கிக் கொடுக்கலாம். வீரனைத் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்வது என்பது அங்கேயே துளிர்த்துவிட்டது. ஆனால் அது ஆயுதப் பட்டியலில் நடந்த மாற்றம், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

லேசர் ஸ்குவாடின் அடுத்த பாகத்துக்கான மாதிரியை எடுத்துக்கொண்டு கோலப் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்திடம் போனார். அவர்கள் இன்னும் பெரிதாக, பறக்கும் தட்டுகளை வைத்து ஒன்று செய்யச் சொன்னார்கள். ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் 1970-இல் எடுத்த ‘யூஎஃப்ஓ’ தொலைக்காட்சித் தொடர் அந்த யோசனைக்கு ஒரு தூண்டுதல். அந்தத் தொடரைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. வேற்றுக்கிரகத்தாரை எதிர்க்கும் ரகசிய அமைப்புக்கு அதில் நிலவில் ஒரு தளம் உண்டு. அந்தத் தளத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் ஊதா நிற டோப்பா அணிந்திருப்பார்கள். காரணம் எதுவும் சொல்லப்படாது. ஆனால் ஊதாத் தலையைப் பார்த்ததும் காட்சி நிலவில் நடக்கிறது, இவர் அங்கே பணியில் இருக்கிறார் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். எக்ஸ்காமின் மூதாதை என்று சொல்லத்தக்க ஒரு படைப்பிலேயே பணியிடத்துக்கு ஒரு நிறம் இருந்திருக்கிறது.

1994-இல் வெளிவந்த ஆட்டத்துக்கு ஐரோப்பாவில் ‘யூஎஃப்ஓ: எனிமி அன்நோன்’ என்றும் அமெரிக்காவில் ‘எக்ஸ்-காம்: யூஎஃப்ஓ டிஃபென்ஸ்’ என்றும் பெயர். இதில் ஸ்கைரேஞ்சர் என்ற ஊர்தியில் 14 பேர் வரை ஏற்றலாம். பிரிவு என்ற ஒன்றே கிடையாது. அடிக்கடி சுடுகிறவனுக்குக் குறி கூர்மையாகும், களத்தில் உருப்படியாகச் செயல்பட்டவனுக்கு வலுவும் ஏறும். செய்யச் செய்யத்தான் ஒருவன் இன்ன வேலைக்காரன் என்று ஆகிறான். அந்த வேலைப் பிரிவு ஆடுகிறவரின் மனதுக்குள் மட்டும் இருந்தது, ஆட்டத்துக்கு அது தெரியாது. திரையிலோ பதினான்கு பேரும் ஒரே சீருடையில் ஒரே அளவில் நிற்பார்கள். முடியின் நிறமும் முகமும் கொஞ்சம் வேறுபடும், தலையை மூடும் கவசம் போட்டால் அதுவும் மறையும்.

அந்த ஆட்டத்தில் ஆளை அடையாளம் காட்ட ஆடுகிறவருக்குத் தரப்பட்ட ஒரே சுதந்திரம் வீரனின் பெயரை மாற்றுவது. அந்த ஒரு வாசலை ஆட்டக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள் என்பது வியக்கத்தக்கது. பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். தொலைவில் குறிபார்ப்பவனுக்கு ஒரு குறி, ராக்கெட் தூக்குகிறவனுக்கு ஒரு குறி, எதிரியின் மன ஆதிக்கத்துக்கு எளிதில் ஆளாகிறவனுக்கு ஓர் எச்சரிக்கைக் குறி. சிலர் குறிபார்க்கும் திறனையும் வலுவையும் எண்களாகவே பெயரோடு ஒட்டினார்கள். பெற்றோர் வைத்ததுபோல் இருந்த பெயர், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பதிவேட்டு வரி ஆயிற்று. பிரிவுக்கு நிறம் என்ற பழக்கத்தின் நேரடித் தாய் இந்தப் பெயர்க்குறிதான் என்பது என் எண்ணம். தேவை அப்போதே இருந்தது. சாயம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் சாலமன் அதே ஆட்டத்தை மறுபடி எழுப்பியபோது, ஆடுகிறவர்களின் மனதுக்குள் இருந்த வேலைப் பிரிவை வெளியே கொண்டுவந்து விதியாக்கினார். நான்கு பிரிவுகள் பிறந்தன. ஸ்னைப்பரின் நீண்ட துப்பாக்கியை ஹெவி தொட முடியாது, ஹெவியின் ராக்கெட்டை ஸ்னைப்பர் தூக்க முடியாது. பதவி உயர உயர அந்தந்தப் பிரிவுக்கே உரிய திறமைகள் சேரும். யார் எந்தப் பிரிவு என்பது இப்போது உயிர் போகும் விஷயம் ஆகிவிட்டது. ஒரு முறைக்கு ஒருவருக்கு இரண்டே செயல். நகர்த்திவிட்டால் திரும்பப் பெற முடியாது. மருந்துப் பெட்டி வைத்திருப்பவர் என்று நினைத்து வேறொருவரை வெட்டவெளியில் ஓடவிட்டால், அடிபட்டுக் கிடப்பவர் ஒருவர் இருவர் ஆவார்.

கவசமோ பிரிவைப் பார்ப்பதில்லை. ஆராய்ச்சி முடிந்து கேரபேஸ் கவசம் கிடைத்தால் எல்லோரும் கேரபேஸ் போடுவார்கள், டைட்டன் கிடைத்தால் டைட்டன். மேலிருந்து சாய்ந்து பார்க்கும் கேமராவுக்கு ஆறு பேரும் ஏறத்தாழ ஒரே உருவம். கையில் இருக்கும் ஆயுதம் மாறும்தான். ஆனால் சுவரோடு ஒட்டிக் குனிந்திருக்கும் ஒருவரின் கையில் இருப்பது என்ன என்று அந்த உயரத்திலிருந்து எப்போதும் தெரிவதில்லை. திரையின் கீழ்மூலையில் பெயரும் பிரிவுச் சின்னமும் வரும், ஆனால் அந்த ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வரும். தேர்ந்தெடுக்கும் முன்பே தெரிய வேண்டும் என்பதுதானே பிரச்சினை.

சதுரங்கத்தின் பங்கீடு தலைகீழானது இந்த இடத்தில்தான். உருவம் இனி பிரிவைச் சொல்லாது, எல்லோருக்கும் ஒரே உருவம் ஆகிவிட்டது. நிறம் பக்கத்தைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எதிரி மனிதனே அல்ல. பெரிய தலையும் குச்சிக் கைகளுமாக வரும் செக்டாய்டையோ, நான்கு கால் பூச்சிபோல் ஓடிவரும் கிரிசாலிடையோ நம் ஆள் என்று யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு அடையாளங்களும் தம் பழைய வேலையை விட்டுவிட்டன. உருவம் எதையும் சொல்லாமல் நின்றது, நிறம் வேலையில்லாமல் இருந்தது. அந்த வேலையில்லாத நிறத்தை எடுத்து, உருவம் கைவிட்ட வேலையில் அமர்த்தினார்கள் ஆட்டக்காரர்கள்.

சாயம் கைக்கு வந்த விதமும் கவனிக்க வேண்டியது. முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாக ‘எலீட் சோல்ஜர் பேக்’ என்று ஒரு சேர்க்கை கிடைத்தது, பிறகு தனியாகவும் விற்றார்கள். 1994 ஆட்டத்தின் வீரர்களுக்கு அடையாளமாகிவிட்ட அந்தத் தட்டை உச்சித் தலைமுடி அதில் இருந்தது. கவசத்தின் வடிவ அலங்காரங்களையும் நிறத்தையும் மாற்றும் வசதியும் இருந்தது. தலைமுடியோடு ஒரே பொட்டலத்தில் வந்ததிலிருந்தே தெரிகிறது, செய்தவர்கள் நிறத்தை அழகுக்கான பொருளாகத்தான் பார்த்தார்கள். வாங்கியவர்கள் அதைக் கருவி ஆக்கினார்கள். நான்கு பிரிவு, நான்கு நிறம். ஒரு பார்வையில் படை எப்படி விரிந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்: முன்னே இரண்டு செம்மஞ்சள், நடுவில் வெள்ளை, பின்னே கூரைமேல் ஒரு கரும்பச்சை. பெயரைப் படிக்க வேண்டியதில்லை, யாரையும் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நிஜப் போர்த்துறையில் இதற்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளத்தில் வேலை செய்பவர்கள் நிறச் சட்டை அணிகிறார்கள். விமானத்துக்கு வழிகாட்டி நகர்த்துகிறவருக்கு மஞ்சள். எரிபொருள் நிரப்புகிறவருக்கு ஊதா. வெடிபொருள் ஏற்றுகிறவருக்குச் சிவப்பு. ஏவுபொறியையும் தரையிறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியையும் பார்ப்பவருக்குப் பச்சை. விமானத்தை அசையாமல் கட்டி வைப்பவருக்கும் இழுவை வண்டி ஓட்டுபவருக்கும் நீலம். குறிப்பிட்ட ஒரு விமானத்துக்குப் பொறுப்பாளருக்குப் பழுப்பு. பாதுகாப்பைக் கவனிப்பவருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் வெள்ளை. ஜெட் எஞ்சினின் இரைச்சலில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. காதை மூடும் தலைக்கவசமும் கண்ணாடியும் முகத்தை மறைத்திருக்கும். உயரத்தில் கோபுரத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு எரிபொருள் ஆள் எங்கே, வெடிபொருள் ஆள் எங்கே என்று அந்தக் கணமே தெரிய வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம், எல்லோருக்கும் ஒரே உடை, பார்ப்பவர் மேலே. எக்ஸ்காம் ஆடுகிறவரின் நிலைமை அப்படியே இதுதான். கப்பல் தளத்தைப் பற்றித் தெரியாத ஆட்டக்காரர்களும் அதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கேள்வி ஒன்றாக இருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் புறத்திணை நினைவுக்கு வரும். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. அந்தப் பூ, படை யாருடையது என்று சொல்லும். ஆநிரை கவரப் போகிறவர் வெட்சி சூடுவார், மீட்கப் போகிறவர் கரந்தை, கோட்டையை முற்றுவோர் உழிஞை, உள்ளிருந்து காப்பவர் நொச்சி, நேர்நின்று பொருபவர் தும்பை. அந்தப் பூ, வந்த வேலை என்ன என்று சொல்லும். பக்கத்துக்கு ஓர் அடையாளம், பணிக்கு ஓர் அடையாளம் என்று இரண்டையும் ஒரே தலையில் சூடிக்கொள்ள முடியும் என்பதை நம் இலக்கணம் அவ்வளவு தெளிவாக வகுத்து வைத்திருக்கிறது. ரைஸ்விட்ஸின் கட்டைகளைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு இந்தப் பூக்கள்தான் நினைவுக்கு வந்தன.

நிஜப் போர்க்களத்திலிருந்து நிறம் விரட்டப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். வெடிமருந்துப் புகையில் நம் ஆள் யார் என்று தெரிவதற்காகப் பளீர் நிறச் சீருடை போட்ட படைகள், துப்பாக்கி தொலைவாகவும் துல்லியமாகவும் சுடத் தொடங்கியதும் அந்த நிறத்துக்கு உயிரால் விலை கொடுத்தன. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஹாரி லம்ஸ்டன் 1846-இல் திரட்டிய கைட்ஸ் படைதான் காக்கியை முதலில் எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் விடாப்பிடியாக இருந்தது. 1914-இல் அதன் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடு முதல் உலகப் போருக்குப் போனது, பேரிழப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு வெளிர்நீலத்துக்கு மாறியது. எதிரியின் கண் இருக்கும்வரை நிறம் ஆபத்து. எக்ஸ்காமின் எதிரிக்கு அந்தக் கண் இல்லை. அவன் பார்ப்பது தூரத்தையும் மறைவையும்தான். களத்தில் நிறத்தைப் பார்க்கும் கண் ஒன்றே ஒன்று, தளபதியுடையது. அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் களத்தைவிட்டுப் போன ஆரஞ்சும் சிவப்பும் எந்தச் சேதமும் இல்லாமல் இங்கே திரும்பி வர முடிந்தது.

எந்தப் பிரிவுக்கு எந்த நிறம் என்பதில் சட்டம் இல்லை, ஆனால் சாய்வுகள் உண்டு. சப்போர்ட்டுக்கு வெள்ளை பலரும் தேர்ந்தெடுப்பது. மருத்துவமனையும் செஞ்சிலுவையும் ஒரு காரணம். 1987-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ இன்னொரு காரணமாக இருக்கலாம். அதில் குணப்படுத்துகிற மந்திரவாதிக்கு வெள்ளை, அழிக்கிறவனுக்குக் கறுப்பு, இரண்டும் கொஞ்சம் தெரிந்தவனுக்குச் சிவப்பு. நிறமே பிரிவின் பெயராக இருந்த ஆட்டம் அது. குழந்தைப் பருவத்தில் அதை ஆடி வளர்ந்தவர்களின் கை தானாக வெள்ளைக்குப் போகும். ஹெவிக்குச் சிவப்பு கொடுப்பவர்கள் வெடிபொருளை நினைக்கிறார்கள். ஸ்னைப்பருக்கு அடர்ந்த நிறம் கொடுப்பவர்கள், விதியில் பயன் இல்லை என்று தெரிந்தும், மறைந்திருப்பவனுக்குரிய மரியாதையைச் செய்கிறார்கள்.

நான் இதில் உறுதியாகப் பிடித்துக்கொள்வது அசால்ட்டை. கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் எதிரிக்கு மிக அருகில் நிற்பவரும் முதலில் சாகக் கூடியவரும் அவர்தான். ஆட்டத்தின் திரையிலேயே நீலமும் மஞ்சளும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. ஒரே செயலில் போகக்கூடிய தூரத்தை நீலக் கோடும் இரண்டையும் செலவழித்து ஓடும் தூரத்தை மஞ்சள் கோடும் காட்டுகின்றன. அந்த இரண்டையும் கவசத்துக்குக் கொடுத்தால் கோட்டோடு கலந்துவிடும். செம்மஞ்சள் தனித்து நிற்கிறது. அழகை மட்டும் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் சாலமன் குழுவினர் தரைக்கும் கோடுகளுக்கும் எந்த நிறங்களை ஒதுக்கினார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் படை இன்னும் தெளிவாகத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை பிரித்தறிவது கடினம். அப்படிப்பட்டவருக்குச் சாயலால் வேறுபடும் நிறங்களைவிட வெளுப்பாலும் அடர்த்தியாலும் வேறுபடும் நிறங்கள் உதவும்: ஒன்று வெள்ளை, ஒன்று கரியது, ஒன்று நடுத்தரம்.

ஆட்டக்காரர்களே செய்து ஆட்டத்தை விரித்த ‘மாட்’ என்ற மாற்றங்கள் வந்தபோது இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. ‘லாங் வார்’ நான்கு பிரிவுகளை எட்டாக்கியது. அசால்ட்டிலிருந்து இன்ஃபன்ட்ரியும், ஸ்னைப்பரிலிருந்து ஸ்கவுட்டும், ஹெவியிலிருந்து ராக்கெட்டியரும் கன்னரும், சப்போர்ட்டிலிருந்து மெடிக்கும் எஞ்சினியரும் கிளைத்தன. எட்டு நிறத்தை மேலிருந்து ஒரே பார்வையில் பிரிப்பது கண்ணுக்குப் பாரம். அங்கே ஓர் அருமையான தீர்வு பிறந்தது: உறவுடைய இரண்டு பிரிவுகளுக்கு ஒரே நிறக் குடும்பம், ஒன்றுக்கு அடர்ந்தது, மற்றதற்கு வெளிர்ந்தது. எங்கிருந்து கிளைத்தது என்ற வரலாறும் அதில் தெரியும்.

2016 பிப்ரவரியில் ‘எக்ஸ்காம் 2’ வந்தபோது ஆட்டக்காரர்களின் பழக்கத்தை ஃபிராக்ஸிஸ் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டது. கவசத்துக்கு முதன்மை நிறம், துணை நிறம், கோலவடிவம், ஆயுதத்துக்குத் தனி நிறம் எல்லாம் அடிப்படை ஆட்டத்திலேயே இருந்தன. முன்கூட்டியே ஆட்களை உருவாக்கிச் சேமித்து வைக்கும் தொகுப்பும் வந்தது. ரூக்கியை நாம் விரும்பும் பிரிவுக்கே பயிற்றுவிக்கும் பள்ளியும் வந்தது. குலுக்கல் முழுதாகப் போகவில்லை, ஆனால் அதன் பிடி தளர்ந்தது. இந்தப் பிரிவுக்கு இந்தச் சீருடை என்று ஒரு தடவை குறித்துவிட்டால் தானாக அணிவிக்கும் மாட்களைக்கூட ஆட்டக்காரர்கள் செய்துவிட்டார்கள்.

அந்த மாட்கள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரிவுக்கு நிறம் என்ற பழக்கம் பயனுக்காகப் பிறந்து, பயனைத் தாண்டி ஓரிடத்துக்குப் போயிருக்கிறது. சாம்பல் நிறத்தில் பெயர் தெரியாமல் வந்த ரூக்கி ஒரு களத்திலிருந்து உயிரோடு திரும்புகிறார். ஆட்டம் அவரை ஸ்னைப்பர் என்கிறது. அப்போது அவருடைய பக்கத்தைத் திறந்து, முடியையும் குரலையும் முகத்தையும் பார்த்து, கடைசியில் கவசத்துக்குக் கரும்பச்சையை ஏற்றுவது ஒரு சடங்கு. அவர் யாரென்று அப்போதுதான் நின்று பார்க்கிறோம். எந்த நாட்டுக் கொடி, என்ன பெயர் என்று படிக்கிறோம். ஒரு படையில் சேர்க்கை என்பது இந்த ஒரு நிமிடத்தில் நடக்கிறது. அதை இயந்திரத்திடம் விட்டுவிட்டால் அடுத்த களத்தில் பச்சை ஒன்று கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

சாவு வரும்போதுதான் பெயருக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு முழுதாகப் புரிகிறது. படைத்தளத்தில் நினைவுச்சுவர் ஒன்று உண்டு. செத்தவர்களின் பெயர்கள் அங்கே போகும். பெயர் அந்த ஆளோடு போய்விடுகிறது, அடுத்தவருக்கு அதை வைக்கிறவர்கள் குறைவு. நிறம் போவதில்லை. ஸ்னைப்பர் விழுந்த பிறகு அடுத்த ஸ்னைப்பர் அதே கரும்பச்சையைப் போட்டுக்கொள்கிறார். ஆள் மாறியும் பணி நிற்காத அமைப்பு ஒன்று அங்கே உருவாகிவிடுகிறது. இதில் ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. நிறத்தைக் கை மாற்றிக் கொடுப்பது ஒரு கட்சி. மிகவும் நேசித்த ஒருவரின் நிறத்தை அவரோடே ஓய்வுபெறச் செய்து, அடுத்தவருக்குப் புதிதாக ஒன்று கொடுப்பது மறு கட்சி. இரண்டாவது கட்சியின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் முதல் கட்சி. படை தொடர வேண்டுமானால் பச்சை மறுபடி கூரையேற வேண்டும்.

ஃபிராக்ஸிஸ் பிறகு வேறு திசையில் போனது. 2020 ஏப்ரலில் வந்த ‘எக்ஸ்காம்: கிமேரா ஸ்குவாட்’ ஆட்டத்தில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் நிலையான பெயர், முகம், குரல், தனக்கு மட்டுமே உரிய பிரிவு. அவர்களில் ஒருவர் செத்தால் அந்தப் பணியே தோல்வி. பிரிவும் ஆளும் ஒன்றாகிவிட்ட இடத்தில் பிரிவுக்கு நிறம் தேவைப்படவில்லை. சாலமன் 2022-இல் செய்த ‘மார்வெல்ஸ் மிட்நைட் சன்ஸ்’ அதையும் தாண்டியது. அயர்ன் மேனின் சிவப்பும் பொன்னும் ஆட்டத்துக்கு வெளியிலிருந்தே அவனோடு வந்தவை.

கோலப் மட்டும் நிலையான பெயரில்லாத வீரர்களோடு தங்கிவிட்டார். பல்கேரியாவின் சோஃபியாவில் தான் தொடங்கிய ஸ்னாப்ஷாட் கேம்ஸ் நிறுவனத்திலிருந்து 2019 டிசம்பரில் ‘ஃபீனிக்ஸ் பாயின்ட்’ ஆட்டத்தை வெளியிட்டார். பெயர்க்குறியால் மட்டும் ஆட்களைப் பிரித்தறிந்த 1994-இன் ஆட்டத்தைச் செய்தவர், இப்போது அசால்ட், ஹெவி, ஸ்னைப்பர் என்று பிரிவுகளை எடுத்துக்கொண்டார், கவசத்துக்கு நிறத்தையும் கொடுத்தார். ஆனால் அதில் நான்காம் நிலைக்கு வந்த வீரர் இரண்டாவதாக ஒரு பிரிவையும் கற்றுக்கொள்ளலாம். ஸ்னைப்பராக இருந்துகொண்டே அசால்ட்டும் ஆகலாம். ஒரு பிரிவுக்கு ஒரு நிறம் என்ற கணக்கு அங்கே உடைகிறது. முதன்மை நிறத்தில் பிறந்த பிரிவையும் துணை நிறத்தில் கற்ற பிரிவையும் காட்டுவதுதான் நான் கண்ட வழிகளில் சிறந்தது. தோளில் செம்மஞ்சள் பட்டை ஓடும் கரும்பச்சைக் கவசத்தைப் பார்த்தால், இவர் முதலில் தொலைவில் நின்று பழகியவர், பின்னால் பாயக் கற்றவர் என்று தெரியும்.